பெப்பர் ரோஸ்ட்டும் பேப்பர் ரோஸ்ட்டும் ஒண்ணா? குழப்பத்தைத் தீர்த்த வீரமாமுனிவரின் கதை... அரியலூருக்கு அதில் என்ன பங்கு?

ஓட்டல் மெனு கார்டில் 'பெப்பர் ரோஸ்ட்' என்று இருந்தால் மிளகு தூவிய தோசை வரும். 'பேப்பர் ரோஸ்ட்' என்று இருந்தால் காகிதம் போல மெலிசான தோசை வரும். ரெண்டுக்கும் எழுத்தில் என்ன வித்தியாசம்? கொம்பில் ஒரே ஒரு சுழி. அவ்வளவுதான்.

சுமார் 300 வருஷத்துக்கு முன்னால் ஓலைச்சுவடியில் இதை எழுதியிருந்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். சர்வர் எதைக் கொண்டுவருவார் என்பது அவர் படிக்கிற விதத்தைப் பொறுத்தது!

இந்தச் சுழியைத் தமிழ் எழுத்தில் நிலைக்கச் செய்த பெருமை ஓர் இத்தாலியருக்குச் சொல்லப்படுகிறது. அவர் வீரமாமுனிவர். வாழ்நாளின் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டில் கழித்தவர். இன்றைய அரியலூர் மாவட்டத்தில் தங்கி உழைத்தவர். யார் அவர்? என்ன செய்தார்? விரிவாகப் பார்ப்போம்.

ஆங்கிலச் சொல் ஜோடிகள்... ஒரு சுழியில் மாறும் அர்த்தம்

தினமும் நாம் பேசுகிற ஆங்கிலச் சொற்களையே எடுத்துக்கொள்ளலாம். தமிழில் எழுதும்போது ஒரு சுழி மாறினால் பொருள் எப்படி மாறுகிறது, பாருங்கள்.

• டெஸ்ட் என்றால் பரீட்சை அல்லது பரிசோதனை. டேஸ்ட் என்றால் ருசி.
• வெஸ்ட் என்றால் மேற்கு. வேஸ்ட் என்றால் வீண், குப்பை.
• ரெட் என்றால் சிவப்பு. ரேட் என்றால் விலை.
• லெட் என்றால் விடு, அனுமதி. லேட் என்றால் தாமதம்.
• கெட் என்றால் பெறு. கேட் என்றால் வாசல் கதவு.
• செல் என்றால் விற்பது. சேல் என்றால் விற்பனை.

இதில் கடைசி ஜோடியில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். இரண்டும் விற்பது சம்பந்தப்பட்ட சொற்களே. ஆனால் 'செல்' என்பது வினை, 'சேல்' என்பது பெயர். வீட்டை விற்கிறோம் என்று சொல்ல 'செல்' வேண்டும். வீடு விற்பனைக்கு இருக்கிறது என்று போர்டு வைக்க 'சேல்' வேண்டும். தமிழில் விற்பதும் விற்பனையும் எப்படியோ அப்படித்தான்.

தமிழ்ச் சொற்களிலும் இதே கதைதான். மழை 'பெய்'கிறது, சுழி போட்டால் 'பேய்' வந்துவிடும். 'எரி' என்றால் நெருப்பு, 'ஏரி' என்றால் தண்ணீர். 'கொட்டை' பழத்துக்குள் இருப்பது, 'கோட்டை' ராஜா கட்டுவது. 'மெய்' என்றால் உண்மை, 'மேய்' என்றால் மாடு செய்கிற வேலை.

பழைய ஓலைகளில் இந்த ஜோடிகளைப் பிரித்துக் காட்ட நடைமுறையில் குறி எதுவும் இல்லாமல் போயிருந்தது. ஏன் என்று தெரிந்துகொள்ள ஓலைச்சுவடிக் காலத்துக்குப் போக வேண்டும்.

தமிழில் முன்பு விதி இல்லையா?

இருந்தது. தொல்காப்பியமே இதற்கு விதி சொல்கிறது. குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் மேலே புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லையென்றால் அது நெடில். அதாவது, இன்றைக்கு நாம் எழுதுவதற்கு நேர் தலைகீழ். அன்று அடையாளம் வாங்கியது குறில், இன்று அடையாளம் வாங்குவது நெடில்.

விதி தெளிவாகத்தான் இருந்தது. சிக்கல் வந்தது ஓலையில். எழுத்தாணியால் கீறித்தான் பனை ஓலையில் எழுத வேண்டும். கூரான முனையால் புள்ளி குத்தினால் ஓலை ஓட்டை விழும், கிழியும். எழுதுகிறவர்கள் மெல்ல மெல்லப் புள்ளியையே விட்டுவிட்டார்கள். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் இதே நிலைமைதான்.

விளைவு? எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம். ஒகரமும் ஓகாரமும் ஒரே வடிவம். சின்ன வயதிலிருந்து தமிழ் பேசி வளர்ந்தவருக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. மழை என்று முன்னால் இருந்தால் அடுத்து வருவது 'பெய்' என்று தானாகவே படித்துவிடுவார். ஆனால் முப்பது வயதுக்கு மேல், வேறு கண்டத்திலிருந்து வந்து, முதல் எழுத்திலிருந்து கற்றுக்கொள்கிற ஒருவருக்கு? ஒவ்வொரு வரியிலும் நிற்க வேண்டும்.

இத்தாலியிலிருந்து தமிழ்நாடு வரை

வீரமாமுனிவரின் இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680 நவம்பர் 8-ஆம் தேதி, வட இத்தாலியில் மாந்துவா அருகே காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். 1698-ல் இயேசு சபையில் சேர்ந்தார். 1709-ல் குருவாகப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே லிஸ்பன் துறைமுகத்தில் கப்பல் ஏறி, 1710 அக்டோபரில் கோவா வந்தார். அங்கிருந்து 1711-ல் மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார்.

வந்த இடத்தில் நிலைமை சுமுகமாக இல்லை. மதுரை நாயக்கர் ஆட்சி கடைசிக் கட்டத்தில் இருந்தது. பாளையக்காரர்களின் கையில்தான் கிராமங்கள். மதம் மாற்ற வந்தவர் என்ற எதிர்ப்பும் இருந்தது. வந்த சில ஆண்டுகளிலேயே தெற்கே குருக்கள்பட்டியில் சிறைபிடிக்கப்பட்டு, மரண தண்டனை வரை போய்த் தப்பினார் என்பது அவருடைய வாழ்க்கை வரலாற்றில் முக்கியமான சம்பவம்.

அதற்குப் பிறகும் அவர் ஊர் திரும்பவில்லை. காவி உடுத்தினார். சைவ உணவுக்கு மாறினார். தமிழ்ப் புலவர்களிடம் முறையாகப் பாடம் கேட்டார். சுப்ரதீபக் கவிராயர் அவருக்கு ஆசிரியராக இருந்தார் என்று சொல்லப்படுகிறது. தமிழோடு வடமொழியும் தெலுங்கும் கற்றார். தன் பெயரைத் தமிழாக்கி 'தைரியநாதர்' என்று வைத்துக்கொண்டார். நிலைத்த பெயர் 'வீரமாமுனிவர்'.

கல்லங்குறிச்சி, ஏலாக்குறிச்சி... பெயரிலேயே இருக்கும் வித்தியாசம்

காமநாயக்கன்பட்டி, கோனான்குப்பம் என்று பல ஊர்களில் பணி செய்த வீரமாமுனிவர், நீண்ட காலம் தங்கிய இடம் கொள்ளிடக் கரையை ஒட்டிய ஏலாக்குறிச்சி. இன்று அரியலூர் மாவட்டத்தில், திருமானூர் பக்கம் இருக்கிறது. அங்கே அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, ஊருக்குத் 'திருக்காவலூர்' என்று பெயர் வைத்தார்.

அந்தக் காலத்தில் அரியலூர் பாளையத்தை ஆண்டவர்கள் மழவராயர்கள். அரியலூரை ஆண்ட அரங்கப்ப மழவராயருக்கு வந்த ராஜபிளவைக் கட்டியை வீரமாமுனிவர் குணப்படுத்தினார், அதற்கு நன்றியாக மழவராயர் கோயிலுக்கு நிலம் கொடுத்தார் என்று ஏலாக்குறிச்சி தல வரலாறு சொல்கிறது.

இதே மாவட்டத்தில், அரியலூர் நகரை ஒட்டி இருக்கிறது கல்லங்குறிச்சி. கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலுக்காகப் பெயர் பெற்ற ஊர். இரண்டும் 'குறிச்சி'கள்தான். ஆனால் எழுத்துக் கணக்கில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு.

'கல்லங்குறிச்சி' என்ற பெயரில் எகரமோ ஒகரமோ எங்கேயும் இல்லை. அதனால் பழைய ஓலையில் எழுதினாலும் எகர-ஏகாரக் குழப்பம் அந்தப் பெயரைத் தொடாது. 'ஏலாக்குறிச்சி' அப்படி இல்லை. முதல் எழுத்திலேயே சிக்கல். பழைய வழக்கப்படி எழுதினால், வெளியூர்க்காரர் அதை 'எலாக்குறிச்சி' என்றும் படிக்கலாம். தான் குடியிருந்த ஊரின் பெயரையே எழுத்தை மட்டும் நம்பிச் சரியாகப் படிக்க முடியாத நிலையில் இருந்தார் வீரமாமுனிவர்.

அவர் பெயரும் அப்படித்தான். 'பெஸ்கி'யா, 'பேஸ்கி'யா? அவர் பாடிய காவியம் 'தேம்பாவணி'யா, 'தெம்பாவணி'யா? தேம்பா அணி என்றால் வாடாத மாலை. தேன் போன்ற பாக்களால் ஆன அணி என்றும் பிரிக்கலாம். சுழி போய்விட்டால் இரண்டு அர்த்தமும் போய்விடும்.

அவர் செய்த மாற்றம் என்ன?

அவர் யோசனை எளிமையானது. குறிலுக்குப் புள்ளி வைக்கும் பழைய முறையை மறுபடி வற்புறுத்துவதற்குப் பதிலாக, நெடிலுக்கு அடையாளம் கொடுத்தார். கொம்பின் தலையைச் சுழித்தால் நெடில், சுழிக்காமல் விட்டால் குறில். கெ - கே, கொ - கோ என்று நாம் இப்போது எழுதுவது இந்த முறைதான். எ-க்குக் கீழே ஒரு கோடு இழுத்தால் ஏ, ஒ-வின் அடியைச் சுழித்தால் ஓ என்ற வேறுபாடும் அவர் பெயரிலேயே சொல்லப்படுகிறது.

இது ஏன் நின்றது? புள்ளி என்பது எழுத்துக்கு வெளியே தனியாக வைக்க வேண்டியது. மறந்தால் போச்சு, குத்தினால் ஓலை போச்சு. சுழி அப்படியில்லை. எழுத்தின் கோட்டோடு சேர்ந்தே வருகிற வளைவு. எழுத்தாணிக்கு வளைவு பழக்கமானது. பேனாவுக்கும் பிறகு வந்த அச்சுக்கும் அது பொருந்தியது.

ஆனால் ஒரே நாளில் எல்லாரும் மாறிவிடவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சான நூல்களில்கூடப் பழைய முறை தொடர்ந்தது. அச்சு பரவப் பரவ, பள்ளிப் புத்தகங்கள் பெருகப் பெருக, புது முறை ஊன்றிக்கொண்டது.

ஒரு விஷயத்தை இங்கே குழப்பிக்கொள்ளக் கூடாது. 1978-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த பெரியார் எழுத்துச் சீர்திருத்தம் வேறு. ணா, லை, னை போன்ற எழுத்துகளின் பழைய வளைந்த வடிவங்களை அது எளிமையாக்கியது. அங்கே மாறியது வடிவம் மட்டுமே. வீரமாமுனிவர் செய்ததில், ஒன்றாகக் கலந்துபோயிருந்த இரண்டு ஒலிகள் எழுத்தில் தனித்தனியாகப் பிரிந்தன.

ஆங்கிலத்தில் இந்தப் பிரச்சினை இல்லையா?

நன்றாகவே உண்டு! 'படி' என்பதற்கான ஆங்கிலச் சொல்லை நிகழ்காலத்தில் 'ரீட்' என்கிறோம், கடந்த காலத்தில் 'ரெட்' என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ஸ்பெல்லிங். 'லீட்' என்றால் வழிநடத்து, 'லெட்' என்றால் ஈயம். அதற்கும் ஒரே ஸ்பெல்லிங். 'டியர்' என்றால் கண்ணீர், 'டேர்' என்றால் கிழி. அதுவும் அப்படியே. வாக்கியத்தைப் பார்த்துத்தான் எது என்று முடிவு செய்ய வேண்டும். ஓலைச்சுவடி படித்தவர்கள் பட்ட அதே பாடு!

ஆங்கிலத்தில் 'ஐ', 'ஜே' ஆகிய இரண்டும் ஒரு காலத்தில் ஒரே எழுத்தாகவே கருதப்பட்டன. 'யு', 'வி' என்பவையும் அப்படியே. 1755-ல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் புகழ்பெற்ற ஆங்கில அகராதியில்கூட இந்த ஜோடிகளின் சொற்கள் ஒரே வரிசையில்தான் கலந்து கிடந்தன.

அதே நேரம், தமிழ் எழுத்து எல்லா ஆங்கில ஜோடியையும் பிரித்துவிடும் என்று சொல்ல முடியாது. தோளில் மாட்டும் பை, முதுகுப் பக்கம், கேக் சுடுவது, பெட்டி கட்டுவது என நான்கு ஆங்கிலச் சொற்களையும் தமிழில் 'பேக்' என்றே எழுதுகிறோம். க, ச, ட, த, ப ஆகியவற்றின் வன்மை மென்மையைக் காட்ட நம்மிடம் தனி எழுத்து இல்லை. தமிழ்ச் சொற்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

அகராதி: ஒரு சொல் எத்தனை பொருள்? ஒரு பொருளுக்கு எத்தனை சொல்?

எழுத்தைச் சரிசெய்தால் படிக்கலாம். ஆனால் படித்த சொல்லுக்கு என்ன அர்த்தம்? அடுத்து இங்கேதான் கை வைத்தார் வீரமாமுனிவர்.

அதுவரை தமிழில் சொற்பொருள் தேட நிகண்டுகள் இருந்தன. திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகியவை முக்கியமானவை. எல்லாம் செய்யுள் நடை. மனப்பாடம் செய்தவருக்கு அவை பொக்கிஷம். மனப்பாடம் செய்யாதவருக்குத் தேடுகிற சொல் எந்தப் பாட்டில் இருக்கிறது என்றே தெரியாது. 1594-ல் சிதம்பர ரேவண சித்தர் 'அகராதி நிகண்டு' எழுதி, முதல் எழுத்து வரிசையில் சொற்களை அடுக்கிக் காட்டினார். அதுவும் செய்யுளில்தான்.

1732-ல் வீரமாமுனிவர் முடித்த 'சதுரகராதி' செய்யுளை விட்டு வெளியே வந்தது. சொற்கள் அகர வரிசையில் நின்றன. சதுர் என்றால் நான்கு. பெயருக்கேற்ப நான்கு பகுதிகள்.

• பெயர்: ஒரு சொல்லுக்கு உள்ள பல பொருள்கள். உதாரணமாக 'மா' என்ற ஒரே சொல் மாமரம், குதிரை, பெரிய, நில அளவு என்று பல பொருள் தரும்.
• பொருள்: இதற்கு எதிர்த்திசை. ஒரு பொருளுக்கு உள்ள பல சொற்கள். யானைக்குக் களிறு, பிடி, வேழம் என்பது போல.
• தொகை: முத்தமிழ், நானிலம், ஐம்பொறி என்று எண்ணிக்கையோடு வரும் தொகுப்புச் சொற்கள்.
• தொடை: செய்யுள் எழுதுகிறவருக்கு எதுகைச் சொற்கள்.

முதல் இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் சொற்களின் வித்தியாசம் புரியும். களிறும் யானைதான், பிடியும் யானைதான். ஆனால் களிறு ஆண், பிடி பெண். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட முடியாது. ஆங்கிலத்தில் 'ஹவுஸ்', 'ஹோம்' ஜோடியும் இப்படித்தான். ஹவுஸ் என்பது கட்டடம், ஹோம் என்பது நாம் வாழ்கிற, நமக்குச் சொந்தம் என்று உணர்கிற இடம். டிக்‌ஷனரியில் இரண்டுக்கும் 'வீடு' என்று போட்டிருந்தாலும், புழக்கத்தில் இரண்டும் ஒன்றில்லை.

காலக்கணக்கையும் கொஞ்சம் பாருங்கள். ஜான்சனின் ஆங்கில அகராதிக்கு 23 ஆண்டுகள் முன்னதாகவே சதுரகராதி முடிந்துவிட்டது. பொருளிலிருந்து சொல்லைத் தேட ஆங்கிலத்தில் புகழ்பெற்ற ரோஜேவின் தெசாரஸ் வந்தது 1852-ல். ஆனால் சதுரகராதி அச்சில் வரப் பல பத்தாண்டுகள் ஆயின. 1824-ல் சென்னையில் அச்சானது.

பேச்சுத் தமிழுக்கும் இலக்கணம் எழுதியவர்

வீரமாமுனிவர் பிரித்துப் பார்த்த இன்னொரு ஜோடி, செந்தமிழும் கொடுந்தமிழும். நூல்களில் எழுதுகிற தமிழ் ஒன்று, மக்கள் வீட்டில் பேசுகிற தமிழ் இன்னொன்று என்பதை உணர்ந்து, இரண்டுக்கும் தனித்தனியாக லத்தீன் மொழியில் இலக்கணம் எழுதினார். தமிழ் கற்க வரும் ஐரோப்பியருக்காக எழுதியவை அவை. புத்தகத் தமிழை மட்டும் படித்துவிட்டுச் சந்தைக்குப் போனால் என்ன ஆகும் என்று அனுபவித்தவர் ஆச்சே!

கொடுந்தமிழ் இலக்கணம் 1728-ல் எழுதப்பட்டு 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. தரங்கம்பாடி அச்சகம் லூத்தரன் மிஷனரிகளுடையது. வீரமாமுனிவரோ கத்தோலிக்கர். இரு தரப்புக்கும் கடும் சண்டை. அவர்களை மறுத்து இவர் தனி நூல்களே எழுதியிருக்கிறார். ஆனால் தமிழ் கற்க அந்த எதிர்த்தரப்பே இவருடைய இலக்கணத்தை அச்சடித்தது.

அவருடைய மற்ற பணிகள் சுருக்கமாக:

• தேம்பாவணி: சூசையப்பரை நாயகனாகக் கொண்ட காவியம், 3,615 பாடல்கள்.
• தொன்னூல் விளக்கம்: எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஆகிய ஐந்தும் கொண்ட தமிழ் இலக்கணம்.
• திருக்குறள்: அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார்.
• பரமார்த்த குருவின் கதை: மட்டி, மடையன் முதலிய ஐந்து சீடர்களை வைத்து எழுதிய நகைச்சுவைக் கதை. இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லப்படுகிறது.

கடைசிக் காலம்

திருச்சியைச் சந்தா சாகிப் பிடித்த பிறகு, வீரமாமுனிவர் அவரைச் சந்தித்து மதிப்பைப் பெற்றார் என்று சொல்வார்கள். அவரிடம் திவானாக இருந்தார் என்ற பேச்சும் உண்டு, ஆனால் ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. 1741-ல் மராத்தியர்கள் திருச்சியைக் கைப்பற்றினார்கள். அதன் பிறகு அவர் காவிரி - கொள்ளிடம் பகுதியை விட்டுத் தெற்கே போனார். கடைசியில் கேரளத்தின் அம்பலக்காட்டில் 1747 பிப்ரவரி 4-ஆம் தேதி காலமானார். வயது 66. தமிழகத்துக்கு வந்த பிறகு அவர் இத்தாலிக்குத் திரும்பவே இல்லை.

விமர்சனம் இல்லையா?

உண்டு. அவர் வந்த நோக்கம் மதப் பரப்பல். தமிழ் கற்றதும் முதலில் அதற்காகத்தான். அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. எழுத்து மாற்றம் முழுக்க அவர் ஒருவரால் மட்டுமே நடந்ததா என்ற கேள்வியும் ஆய்வாளர்கள் நடுவே உண்டு. ஒருவர் வழி காட்டினாலும் எழுதியவர்களும் அச்சுக் கோத்தவர்களும் வாத்தியார்களும் ஏற்றுக்கொண்டதால்தான் எந்த எழுத்தும் நிலைக்கும்.

ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. தமிழை வெளியிலிருந்து வந்து கற்றவர் என்பதாலேயே, உள்ளே இருந்தவர்கள் பழகிப்போய்க் கடந்துவிட்ட ஒரு குறை அவருடைய கண்ணில் பட்டது. இன்று முதல் வகுப்புக் குழந்தையும், வெளிநாட்டில் வளர்கிற தமிழ்க் குழந்தையும் வாக்கியத்தின் அர்த்தம் தெரியாமலேகூட 'பெய்', 'பேய்' என்ற இரண்டையும் சரியாக வாசித்துவிடுகிறார்கள். உங்கள் மொபைல் கீபோர்டில் கொம்புக்கும் சுழித்த கொம்புக்கும் தனித்தனி இடம் இருப்பதும் இந்தப் பிரிவினால்தான்.

எங்கே பார்க்கலாம்?

சென்னை மெரினாவில் 1968-ல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த சிலைகளில் வீரமாமுனிவர் சிலையும் ஒன்று. கடலூர் மாவட்டம் கோனான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோயில் இருக்கிறது. அரியலூர் பக்கம் போகிறவர்கள் கல்லங்குறிச்சிப் பெருமாளைப் பார்த்துவிட்டு, அப்படியே தெற்கே கொள்ளிடம் நோக்கிப் போனால் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலையும் பார்த்துவிடலாம். வழியில் ஊர்ப் பெயர்ப் பலகை வந்தால் முதல் எழுத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஏ-வுக்குக் கீழே இழுத்த அந்தச் சின்னக் கோடு இல்லையென்றால், பலகையைப் படித்த பிறகும் ஊர்ப் பெயரை யாரிடமாவது கேட்க வேண்டியிருக்கும்.